எரிமலை மீது பனிச்சறுக்கு!

உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் ஒரு மலைச்சரிவில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அந்த மலை உயிருள்ள ஓர் எரிமலை. திடீரென அபாயச் சங்கு ஒலிக்கிறது. மலை வெடித்துவிட்டதென ஒலிபெருக்கி அறிவிக்கிறது. என்ன செய்வீர்கள்?

"இது என்ன கேள்வி! தலைதெறிக்க ஓடுவோம்" என்பீர்கள். நல்லது. எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?

"நெருப்பு மேலே இருக்கிறது, ஆகவே அடிவாரத்தை நோக்கித்தான்!" என்பதே நம்மில் பெரும்பாலோர் சொல்லக்கூடிய விடை. அதுவும் காலில் வழுக்குப் பலகை பூட்டியிருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. ஒரே சறுக்கில் கீழே போய்விடலாமே!

அந்த விடை தவறானது. உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்குத் தவறானது. நியூசிலாந்து நாட்டின் ருவாபெஹு எரிமலையில் பனிச்சறுக்கு விளையாட வருகின்ற ஒவ்வொருவருக்கும் சொல்லித் தரப்படுகின்ற பாடம் வேறு: பள்ளத்தை விட்டு வெளியேறு, பக்கவாட்டில் அருகிலுள்ள மேட்டின் மீது ஏறு, அங்கேயே நில்!

ஏன் அப்படி? அந்தக் 'ஏன்' என்பதற்குப் பின்னால் 151 உயிர்கள் இருக்கின்றன. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

முழங்கும் குழி

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் மிக உயரமான மலை ருவாபெஹு. உயரம் 2,797 மீட்டர். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் இப்பெயருக்கு 'முழங்கும் குழி' என்று பொருள் கூறுவர். பொருத்தமான பெயர்தான். ருவாபெஹு, ங்கௌருஹோ, தோங்கரிரோ ஆகிய மூன்று எரிமலைகளும் அருகருகே நிற்கின்றன. மாவோரித் தலைவராகிய நான்காம் தெ ஹியூஹியூ துகினோ 1887ஆம் ஆண்டில் இந்தச் சிகரங்களை நாட்டுக்கு நன்கொடையாக அளித்தார். துண்டு போட்டு விற்கப்பட்டு யார் யார் கைக்கோ போய்விடக்கூடாது என்பதே அவரது கவலை. அந்தக் கொடையிலிருந்து பிறந்ததுதான் தோங்கரிரோ தேசியப் பூங்கா.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதூரத்தில் உள்ள நாடாகையால் அங்கே பருவங்கள் தலைகீழ். நாம் ஆனி, ஆடி மாதக் காற்றில் அல்லாடும்போது அவர்களுக்குக் கடுங்குளிர். ஜூன் முதல் அக்டோபர் வரை ருவாபெஹு பனியால் மூடிக் கிடக்கும். வடக்குத் தீவில் இப்படிப் பெரிய அளவில் சறுக்கி விளையாடத்தக்க மலை வேறில்லை. வடமேற்குச் சரிவில் ஃபகபாபா, தென்மேற்குச் சரிவில் தூரோவா என இரண்டு பெரிய சறுக்குத் தலங்கள் உள்ளன. இரும்பு வடத்தில் தொங்கும் நாற்காலிகள் ஆட்களை மேலே ஏற்றிச் செல்கின்றன; அவர்கள் நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்குகிறார்கள். பெற்றோர், பிள்ளைகள், பாட்டன்மார் என்று குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். 1913ஆம் ஆண்டில் பில் மீட், பெர்னார்டு டிரேக் என்ற இருவர் முதன்முதலாக இங்கே சறுக்கிப் பார்த்தனர். அன்று தொடங்கிய பழக்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது.

அந்தப் பனிக்கு மேலே, உச்சியில் என்ன இருக்கிறது தெரியுமா? ஓர் ஏரி!

சுற்றிலும் உறைபனி, நடுவே ஆவி பறக்கும் நீர். எரிமலையின் வாயே ஏரியாகிவிட்டது. மழைநீரும் பனி உருகிய நீரும் மேலிருந்து வந்து நிறைகின்றன. பூமிக்குள்ளிருந்து வெப்பமும் வாயுக்களும் கீழிருந்து வந்து சேர்கின்றன. அந்த வாயுக்களால் நீர் கொடிய அமிலமாக மாறியிருக்கிறது. குளிக்கும் வெந்நீர்ச் சூட்டுக்கு ஏறும். சில மாதங்களில் குளிர்ந்து இறங்கும். பிறகு மீண்டும் ஏறும். ஏறத்தாழ அரை கிலோமீட்டர் அகலமுள்ள இந்த ஏரிதான் நமது கதையின் நாயகன், வில்லனும் இதுவே.

எரிமலை என்றதும் செந்நிறக் குழம்பு வழிந்தோடும் காட்சியே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ருவாபெஹுவில் மனிதர் அதிகம் அஞ்ச வேண்டியது நெருப்புக்கு அன்று; தண்ணீருக்கு! ஏரியின் அடியில் வெடிப்பு நிகழ்ந்தால் நீர் வாரி வெளியே எறியப்படும். அது சரிவிலுள்ள பனியை உருக்கி, சாம்பலையும் கல்லையும் பனிக்கட்டிகளையும் அள்ளிக்கொண்டு, கொத்தனார் குழைத்த காரைக்கலவை போன்ற கனத்துடன் பாயும். இந்த வெள்ளத்துக்கு 'லஹார்' என்று பெயர். இது ஜாவாத் தீவின் மொழியிலிருந்து உலகம் கடன் வாங்கிக்கொண்ட சொல். அந்தத் தீவுக்காரர்கள் ஏன் இதற்கென்று தனிச்சொல் வைத்திருந்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லஹார் வெள்ளமாகையால் வெள்ளத்தைப் போலவே பள்ளம் பார்த்துத்தான் ஓடும். பனிச்சறுக்குக்கு வாகான வழிகளும் பள்ளங்களாகவே இருக்கின்றன! கீழ்நோக்கி ஓடுகின்றவன் அது வரும் பாதையிலேயே ஓடுகிறான். மேட்டின்மீது ஏறி நிற்கின்றவனை அது ஒதுக்கிவிட்டுப் போய்விடும். ஐம்பதடி தூரம் பக்கவாட்டில் ஏறுவதா, அரை மைல் கீழே ஓடுவதா என்ற முடிவை எடுக்க மனிதனுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

அழும் நீர்

1945ஆம் ஆண்டில் ருவாபெஹு பல மாதங்கள் சீறியது. பொங்கி எழுந்த பாறைக்குழம்பு ஏரியையே வெளியே தள்ளிவிட்டது. சீற்றம் அடங்கியபின் வெறுங்குழியில் மெல்ல மெல்ல மீண்டும் நீர் சேர்ந்தது. வழக்கமாக ஏரியின் உபரிநீர் வழிந்தோடும் வாயை வெடிப்பில் குவிந்த சாம்பலும் கல்லும் பனியும் அடைத்துக்கொண்டிருந்தன. யாரும் கட்டாத அணை அது. எட்டு ஆண்டுகள் அதன் பின்னே நீர் ஏறிக்கொண்டே இருந்தது. அதைப்பற்றி எவரும் அலட்டிக்கொள்ளவில்லை. மலைதான் அமைதியாகிவிட்டதே!

1953ஆம் ஆண்டு டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. தலைநகர் வெலிங்டனிலிருந்து ஆக்லாந்துக்கு விரைவு ரயில் புறப்பட்டது. 285 பேர் அதில் இருந்தனர். நம் வீடுகளில் பெருநாளைக்கு ஊர் திரும்புகிறவர்களை எண்ணிக்கொள்ளுங்கள்; மடியில் புதுத்துணிப் பொட்டலம், பிள்ளைகளுக்கு வாங்கிய பொம்மை, வாசலில் காத்து நிற்கும் தாய். அதே உள்ளத்துடன்தான் அவர்களும் பயணம் செய்தார்கள்.

அன்று இரவு எட்டு மணியளவில் மலையுச்சியில் அந்த அணை உடைந்தது. வெடிப்பு ஏதுமில்லை, ஓசையுமில்லை. ஏரி ஃபங்காயெஹு ஆற்றில் இறங்கியது. டாங்கிவாய் என்னுமிடத்தில் ரயில் பாலத்தின் தூண்களை லஹார் தகர்த்தது. டாங்கிவாய் என்றால் மாவோரி மொழியில் 'அழும் நீர்' என்று பொருள். அந்த இரவுக்குப் பிறகு வைத்த பெயரன்று. முன்னமே இருந்த பெயர்.

அந்நேரம் சாலை வழியாக வந்துகொண்டிருந்த சிரில் எல்லிஸ் என்ற அஞ்சல் எழுத்தர், ஆறு சாலைப் பாலத்தின்மேல் புரண்டோடுவதைக் கண்டு வண்டியை நிறுத்தினார். தொலைவில் ரயிலின் விளக்கு வெளிச்சம்! கையிலிருந்த டார்ச் விளக்கை ஆட்டியபடி தண்டவாளத்தை நோக்கி ஓடினார். ஓட்டுநர் சார்லஸ் பார்க்கர் அவசர பிரேக்கைப் போட்டார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. இரவு 10.21. எஞ்சினும் இரண்டாம் வகுப்புப் பெட்டிகள் ஐந்தும் ஆற்றுக்குள் பாய்ந்தன. முதல் வகுப்பின் முன்பெட்டி விளிம்பில் தொங்கி ஊசலாடியது. எல்லிஸ் அதனுள் ஏறி, ரயில்வே கார்டுடன் சேர்ந்து பயணிகளை வெளியேற்ற முயன்றுகொண்டிருக்கையிலேயே அதுவும் அவர்களோடு ஆற்றில் விழுந்தது. விழுந்தபின்னும் அவர்கள் விடவில்லை. சன்னல்களை உடைத்து, ஒருவரைத் தவிர அப்பெட்டியிலிருந்த அனைவரையும் மீட்டார்கள்.

இறந்தோர் 151 பேர். இரண்டாம் வகுப்பில் பயணம் செய்த 176 பேரில் 148 பேர் மாண்டனர். முதல் வகுப்பில் மாண்டவர் ஒரே ஒருவர். ஓட்டுநரும் அவருடைய துணையாளும் மீதி இருவர். இந்தக் கணக்கைப் படிக்கும்போது நெஞ்சம் ஏனோ கனக்கிறது. ஏழை எளியவர் அமரும் பெட்டிகள் எஞ்சினை அடுத்து இருந்தன, அவ்வளவுதான். 20 பேரின் உடல்கள் இறுதிவரை கிடைக்கவே இல்லை.

கிரிக்கெட் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு ஒரு செய்தி. அப்போது நியூசிலாந்து அணி தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. பந்து வீச்சாளர் பாப் பிளேருக்கு மணம் பேசி முடித்திருந்த பெண் நெரிஸா லவ் அந்த ரயிலில் இறந்துபோனார். பிளேர் அன்று ஆடமாட்டார் என்றே எல்லோரும் எண்ணினர். ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் அவர் மைதானத்தில் இறங்கி வந்தார். கூட்டம் முழுதும் எழுந்து நின்றது. எதிர்முனையில், முன்பே பந்து தாக்கித் தலையில் கட்டுடன் ஆடிக்கொண்டிருந்த பெர்ட் சட்கிளிஃப். இருவரும் பத்தே நிமிடத்தில் 33 ரன்கள் எடுத்தார்கள். ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை அந்நாட்டார் இன்றும் மறக்கவில்லை.

தோண்டுவதா, விடுவதா?

1995ஆம் ஆண்டு செப்டம்பர். மலை மறுபடியும் விழித்துக்கொண்டது. செப்டம்பர் 23ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஐந்து மணியளவில் ஏரி வானளாவ வீசியெறியப்பட்டது. விடுமுறை நாள்; பகல் முழுதும் சரிவில் பெருங்கூட்டம். அன்றைய சறுக்கு முடிந்து கூட்டம் கலைந்திருந்த நேரத்தில் ஃபகபாபா சரிவினூடே லஹார் ஓடியது. சில மணி நேரம் முன்னால் நிகழ்ந்திருந்தால்...? மறு ஆண்டு ஜூன் மாதத்திலும் வெடித்தது. சாம்பலால் விமான நிலையங்கள் மூடப்பட்டன. ரங்கிப்போ நீர்மின் நிலையத்தின் சுழலிகளை ஆற்றில் வந்த சாம்பல் உப்புத்தாள் போல் அராவித் தேய்த்தது. வெண்பனி கரும்போர்வையானது. இரண்டு ஆண்டுகளின் சறுக்குப் பருவமும் பாழாயிற்று.

அடங்கியபின் அறிஞர்கள் மேலே ஏறிப் பார்த்தார்கள். ஏரி காலியாகியிருந்தது. அதன் வடிவாயை மறித்துச் சாம்பலும் கல்லும் ஏழு மீட்டர் அளவுக்குக் குவிந்து கிடந்தன. அவர்களுக்கு உடல் சிலிர்த்திருக்கும். 1945க்குப் பின் எது நடந்ததோ அதேதான்! ஏரி மெல்ல நிறையும். என்றோ ஒருநாள் அணை உடையும். இந்த முறை மட்டும் அது முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

இனி என்ன செய்வது? நாடு முழுதும் விவாதம் எழுந்தது. இயந்திரத்தைக் கொண்டுபோய் வடிவாயைத் தோண்டிவிட்டால் வேலை முடிந்தது என்றனர் ஒரு சாரார். கேட்க நியாயமாகவே இருக்கிறது.

ஜாவாத் தீவைப்பற்றிச் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? அங்கே கெலுட் என்னும் எரிமலையின் உச்சியிலும் இப்படியே ஓர் ஏரி. 1919ஆம் ஆண்டில் அது வெடித்தபோது லஹார் கிராமம் கிராமமாக வழித்துக்கொண்டு போயிற்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு டச்சுப் பொறியாளர்கள் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து ஏரியின் நீரை வடித்தார்கள். 1951ஆம் ஆண்டு மீண்டும் வெடித்தபோது பெரிய லஹார் எழவில்லை. ஆனால் அந்த வெடிப்பில் சுரங்கம் சிதைந்து, ஏரி மறுபடியும் நிறைந்துவிட்டது. 1966ஆம் ஆண்டின் வெடிப்பில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் மறுபடி குடைந்தார்கள். மலையின்மேல் கைவைத்தால் வேலை ஒருமுறையோடு முடிவதில்லை.

ருவாபெஹுவில் தோண்ட வேண்டாம் என்றவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. உச்சியில் இயந்திரத்தோடு நிற்கும் தொழிலாளர்களை வெடிப்பு எந்நேரமும் விழுங்கலாம். தேசியப் பூங்காவின் இயல்பைக் குலைக்கக்கூடாது. அந்தச் சிகரம் மாவோரிக் குலங்களுக்குப் புனிதமானது. 1990ஆம் ஆண்டில் இயற்கைச் சிறப்புக்காக உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இப்பூங்கா, 1993ஆம் ஆண்டில் மாவோரி மக்களுக்கும் இம்மலைகளுக்கும் உள்ள பிணைப்புக்காக இன்னொரு முறையும் அங்கீகாரம் பெற்றிருந்தது. எவருக்காகவும் மலையை வெட்டுவதில்லை. மனிதரைப் பாதையிலிருந்து விலக்கிவைப்போம் என்று அரசு முடிவு செய்தது.

துணிச்சலான முடிவுதான். தவறிப்போயிருந்தால் அந்த அரசை யார் மன்னித்திருப்பார்கள்?

ஏரியின் மட்டத்தை அளக்கும் கருவி, அணை உடைந்தால் அறுபடும் கம்பி, ஆற்றங்கரையில் நிலத்தின் அதிர்வை உணரும் கருவிகள் எல்லாம் பொருத்தப்பட்டன. வெள்ளம் பக்கத்து ஆற்றுக்குள் தாவாதிருக்கக் கரை கட்டினார்கள். டாங்கிவாய் சாலைப் பாலத்தை வலுப்படுத்தினார்கள். யார் யாருக்குச் செய்தி போகவேண்டும், எந்தச் சாலையை யார் மூடவேண்டும், ரயிலை யார் நிறுத்தவேண்டும் என்பதையெல்லாம் எழுதிவைத்து ஒத்திகை பார்த்தார்கள். பிறகு காத்திருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

2007ஆம் ஆண்டு மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. கொட்டும் மழை. முற்பகல் பதினொரு மணிக்குப் பின் அணை உடைந்தது. ஏறத்தாழ 13 இலட்சம் கன மீட்டர் நீர் ஃபங்காயெஹு பள்ளத்தாக்கில் பாய்ந்தது. கருவிகள் அலறின. சாலைகள் மூடப்பட்டன. ரயில்கள் நின்றன. லஹார் டாங்கிவாய் பாலத்தின் அடியில் உறுமிக்கொண்டு ஓடிக் கடலை நோக்கிப் போய்விட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதே மலை, அதே ஆறு, அதே இடம். அன்று 151, இன்று ஒன்றுமில்லை.

மௌனமான குக்கர்

இத்துடன் நிறுத்தினால் கதை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் அதே 2007ஆம் ஆண்டிலேயே, ஆறு மாதம் கழித்து, மலை இன்னொரு முகத்தைக் காட்டியது.

செப்டம்பர் 25, இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்பு. எச்சரிக்கை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் ஏரியின் அடியில் வெடிப்பு நிகழ்ந்தது. சில நிமிட நேரச் சிறு அதிர்வுகளே முன்னறிகுறி. பாறைகள் பறந்தன. ஏரிக்கு அருகிலிருந்த சிறு குடிலில் இரண்டு மலையேறிகள் தங்கியிருந்தார்கள். குடிலைத் துளைத்துக்கொண்டு வந்த கற்களும் சேறும் ஒருவரது காலை நசுக்கிப் புதைத்துவிட்டன. மற்றவர் இருட்டில் பனியினூடே இறங்கிப்போய் ஆட்களை அழைத்து வந்தார். உயிர் பிழைத்தது, கால் போயிற்று. ஃபகபாபா சறுக்குத் தலத்தின் பக்கமும் லஹார் இறங்கியது. இரவாகையால் நாற்காலிகளில் எவருமில்லை. 1969ஆம் ஆண்டிலும் இப்படித்தான் நள்ளிரவுக்குப் பின் வெடித்து, சரிவிலிருந்த ஒரு சிற்றுண்டிக் கூடத்தை லஹார் அடித்துக்கொண்டு போயிற்று. இரவு இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது. மூன்றாம் முறையும் இரவாகவே இருக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

இதற்கு ஏன் முன்னறிவிப்பு இல்லை? தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். குக்கர் ஆவியைச் சீறி விட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. ஆவித்துளையில் பருப்பு போய் அடைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் இருக்கிறதே, அதுதான் அபாயம்! ஏரியின் அடியிலுள்ள துளைகளைக் கந்தகம் உறைந்து அடைத்துவிடுகிறது. கீழே வாயுவின் அழுத்தம் ஏறுகிறது. மேலேயோ வெப்பம் வராததால் ஏரி குளிர்ந்து, அடங்கிய பிள்ளைபோல் கிடக்கிறது. 2007 செப்டம்பரில் அப்படித்தான் கிடந்தது. ஏரி கொதித்தாலும் கவலை, குளிர்ந்தாலும் கவலை. அறிஞர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஜப்பானிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. 2018ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி, பட்டப்பகலில், குசட்சு என்னும் ஊரின் சறுக்குத் தலத்துக்கு மேலே மோட்டோஷிரானே மலை வெடித்தது. அறிஞர்களின் கவனமெல்லாம் பக்கத்துச் சிகரமான ஷிரானேயின் மீதே இருந்தது. வெடித்ததோ எவரும் எதிர்பாராத வாய். கம்பிவடத்தில் தொங்கிய கூண்டுகளின் மீதும் சரிவில் இருந்தவர்கள் மீதும் கற்கள் பொழிந்தன. சறுக்குப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த படைவீரர் ஒருவர் இறந்தார். மேலும் பலர் காயமுற்றனர்.

எண்களை எப்படிப் படிப்பது?

நியூசிலாந்தில் எரிமலைகளின் நிலையை 0 முதல் 5 வரை எண்ணிட்டு அறிவிக்கிறார்கள். 0 என்றால் அமைதி. 1 என்றால் சிறு அமைதியின்மை. 2 என்றால் அமைதியின்மை கூடியிருக்கிறது. 3, 4, 5 என்பன வெடிப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும் நிலைகள். ருவாபெஹுவுக்கு வழக்கமான எண்ணே 1தான்.

இந்த எண்ணைத்தான் மக்கள் பிழையாகப் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம். இது இன்றைய நிலையைச் சொல்கிறதே தவிர நாளை நடக்கப்போவதைச் சொல்வதில்லை. 2007 செப்டம்பரில் கால் இழந்தவர் படுத்திருந்த அந்த இரவில் அறிவிப்பு எண் 1. ஃபகாரி என்னும் எரிமலைத் தீவில் 2019ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி எண் 2 ஆக இருந்தது. மூன்றே வாரம் முன்புதான் 1இலிருந்து உயர்த்தியிருந்தார்கள். ஆனாலும் சுற்றுலாப் பயணிகளும் வழிகாட்டிகளுமாக 47 பேர் எரிமலையின் வாய்க்குள்ளேயே நின்றிருந்தார்கள். வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். எண் சிறியதாக இருக்கிறதே என்று வாய்க்குள் போய் நிற்பதும் ஆபத்து. எண் பெரியதானால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் ஆபத்து.

ஆகவேதான் ஃபகபாபாவில் எண்ணை மட்டும் நம்பியிருக்கவில்லை. நில அதிர்வையும் காற்றில் எழும் வெடியோசையின் அழுத்தத்தையும் கருவிகள் ஒருசேரக் கவனிக்கின்றன. இரண்டும் சேர்ந்து வெடிப்பென்று காட்டினால், சரிவெங்கும் சங்கும் ஒலிபெருக்கியும் தாமே முழங்கும். அதற்குப் பிறகு எல்லாம் மனிதனின் கையில். ஒத்திகைகளை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை சிந்திக்கத்தக்கது. சங்கு ஒலித்தவுடன் எல்லோரும் சரியானதைச் செய்துவிடுவதில்லை. 'இது சோதனையாக இருக்கும்' என்று நிற்கிறவர்கள் உண்டு. மற்றவர் என்ன செய்கிறார் என்று வேடிக்கை பார்க்கிறவர்கள் உண்டு. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் அருகில் வந்து, "மேட்டுக்கு ஏறுங்கள்!" என்று கைகாட்டினால்தான் கூட்டம் நகருகிறது. ஆகவே கருவியை மட்டுமின்றி நாற்காலி இயக்குபவரையும் பயிற்றுவிக்கிறார்கள்.

"எங்கள் பிள்ளை அந்நாட்டில் படிக்கிறான், கூட்டாளிகளோடு போக ஆசைப்படுகிறான், அனுப்பலாமா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். சறுக்குத் தலம்வரை போவதை நான் தடுக்கமாட்டேன். அங்கே சங்கு இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஏறி நிற்க மேடும் இருக்கிறது. ஆனால் ஆவி பறக்கும் ஏரியை அருகே சென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் மறுத்துவிடுவேன். பாறை பறந்து வரும் இடத்தில் எந்த மேடும் உதவாது. முதலில் அவனிடம், பலகையைப் பூட்டுமுன் மேட்டைப் பார்த்து வைத்துக்கொண்டாயா என்று கேளுங்கள்.

கேரட் ஊர்

தூரோவாவின் அடிவாரத்தில் ஒஹாகுனே என்றொரு சிற்றூர் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில் அங்கே கேரட் நன்றாக விளைகிறது. ஊர் முகப்பில் பிரம்மாண்டமான கேரட் சிலையொன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! கோடையில் கேரட், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு. இரண்டுமே மலை தரும் பிழைப்பு. 1995, 1996 ஆண்டுகளில் சறுக்குப் பருவம் பாழானபோது விடுதிக்காரரும் கடைக்காரரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. ஆயினும் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. மண்ணை வளமாக்குவதும் அந்த மலைதான் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

2022ஆம் ஆண்டு மார்ச்சில் மலைக்குள் அதிர்வு கூடியது. ஏரியின் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டியது. அறிவிப்பு எண் 2க்கு உயர்ந்தது. சறுக்குப் பருவம் நெருங்கும் வேளை. ஊரார் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மலை வெடிக்கவில்லை. அதிர்வு தணிந்து, ஜூலையில் எண் மீண்டும் 1க்கு இறங்கியது.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பனி சரியாக விழவில்லை. முன்பே கொரோனா முடக்கங்களால் நொடித்திருந்த சறுக்கு நிறுவனம் அக்டோபரில் கடன் தாங்காமல் நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று. பின்னர் தூரோவாவும் ஃபகபாபாவும் வெவ்வேறு புதிய உரிமையாளர்களிடம் சென்றன. ஒஹாகுனே மக்கள் இப்போது ஜூன் பிறந்ததும் மலையுச்சியைப் பார்க்கிறார்கள். பிறகு மேகத்தைப் பார்க்கிறார்கள்.